தாகத்தை மறைக்கும் பெண்கள்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியை நாடிப் பரந்தன் முல்லைத்தீவு வீதி வழியே செல்லும் சனத்திரளைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார்கள். கடல்நீரிலே விளக்கெரியும் அதிசயத்தைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களுக்காக வழியெங்கும் தண்ணீர்ப்பந்தல்கள் எழுந்திருக்கும். தென்னோலை நிழலும், ஈரச்சாக்குச் சுற்றிய பானைகளும், மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீருமாக வன்னி மண்ணின் விருந்தோம்பல் அன்று வீதிக்கே வந்துவிடும்.

சென்ற ஆண்டு எமது மாணவிகள் அறுவரோடு நாமும் அவ்வழியே சென்றோம். விசுவமடுவைக் கடந்ததும் ஒரு பந்தலருகில் வாகனம் நின்றது. வெயில் அனலாய்க் கொதித்தது. முதிய அம்மையார் ஒருவர் மோர்ப்பேணியை நீட்டி, "குடியுங்கோ பிள்ளையள், வெயிலுக்கு நல்லது" என்று வருந்தி அழைத்தார். அறுவரில் ஐவர் வேண்டாமென்று தலையசைத்தனர். ஆறாமவள் வாங்கி ஒரு மிடறு பருகிவிட்டு, எஞ்சியதைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். உடன்வந்த வாலிபர்களோ ஆளுக்கு மூன்று பேணி வாங்கிக் குடித்தும் நாலாவதற்குக் கை நீட்டிக்கொண்டிருந்தனர்.

"ஏன் பிள்ளை, தாகமில்லையா?" என்று கேட்டோம்.

ஒருத்தி எமது காதருகே வந்து, "தாகம்தான் ரீச்சர். குடிச்சால் பிறகு எங்க போறது?" என்றாள்.

எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. ஏனெனில் நாமும் அன்று காலையிலிருந்து ஒரு வாய்த் தேநீருடனேயே நின்றோம். காரணமும் அதுவே.

இப்பகுதியில் இதுகாறும் பிள்ளைகளின் பற்களைப் பற்றியும், பரீட்சைக்கால நித்திரையைப் பற்றியும், முதியோரின் உணவைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். பெண்மக்களின் அந்தரங்க நலத்தைப் பற்றி எழுதுவதற்குச் சிறிது தயங்கினோம் என்பதை ஒளிப்பானேன்? தந்தையும் மகளும் ஒரே கூடத்திலிருந்து படிக்கும் பக்கம் இது. ஆயினும், சொல்லத் தயங்கிய காரணத்தினாலேயே பெருகிவரும் ஒரு வியாதியைச் சொல்லாமலே எவ்வாறு விலக்குவது?

அவ்வியாதிக்கு எமது ஊர்ப்பெயர் சலக்கடுப்பு. நீர்க்கடுப்பென்றும் சொல்வர். சலம் கழிக்கும்போது எரிவு, அடிக்கடி போகவேண்டுமென்ற உந்துதல், போனால் சில துளிகள் மாத்திரமே வெளிப்படுதல், அடிவயிற்றில் நோவு, சலம் கலங்கி நாற்றமெடுத்தல் ஆகியன இதன் குறிகள். பெண்களில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் தம் வாழ்நாளில் ஒரு தடவையேனும் இதற்கு ஆளாகின்றனர். ஆண்களிடம் இது மிகக் குறைவு. உடம்பின் அமைப்பே இதற்குக் காரணமன்றி வேறொன்றுமன்று. சலப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்கு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் நீளம். பெண்ணுக்கோ 4 சென்ரிமீற்றர் அளவே. அதன் வாயிலும் மலவாயிலுக்கு மிக அண்மையில் இருக்கின்றது. எமது குடலிலே தீங்கின்றி வாழும் ஒரு கிருமி, அந்தச் சிறு தூரத்தை நடந்து சலப்பைக்குள் புகுந்துவிட்டால் அங்கே தீங்கு செய்கிறது. 1885ஆம் ஆண்டிலே இக்கிருமியை முதன்முதல் விவரித்தவர் தியோடர் எஷெரிக் என்னும் வைத்தியர். அவர் பெயராலேயே அது இன்றும் ஈ. கோலை என வழங்குகிறது. சலக்கடுப்புகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணம்.

புகுந்த கிருமி என்ன செய்கிறது? பெருகுகிறது. வசதியான நிலையில் அது 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்க வல்லது. சலத்திலே அத்துணை வேகம் கூடாதென்று கொண்டு, அரைமணிக்கு ஒரு தடவை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். காலை ஏழரை மணிக்கு ஒரு கிருமி உட்புகுந்ததென்றால், பகல் ஒன்றரை மணிக்குப் பள்ளி விடும்போது அது 4,096 ஆகியிருக்கும். இடையிலே பத்தரை மணிக்கு அப்பிள்ளை ஒரு தடவை சலம் கழித்திருந்தால், 64 என்னும் எண்ணிக்கையை எட்டிய பொழுதே அதிற் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். கணக்குப் பாடம் பயிலும் மாணவிகள் இதைத் தாளிலே போட்டுப் பார்க்கட்டும். உடம்பு இவ்வளவு நேர்த்தியாகக் கணக்குப்படி நடப்பதில்லை என்பது மெய்யே; ஆயினும் ஓடும் நீருக்கும் தேங்கிய நீருக்கும் உள்ள பேதம் இதுதான். வாய்க்காலிலே பாசி பிடிக்காது, குட்டையிலே பிடிக்கும் என்பதை வன்னிக் கமக்காரனுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகவே நீர் அருந்துவது இங்கே இரு வகையில் உதவுகின்றது. சலத்தை நீர்மையாக்குகிறது, சலப்பையை அடிக்கடி நிரப்பி, அடிக்கடி வெறுமையாக்கி, கிருமியைக் குடியேற விடாமற் கழுவிச் செல்கிறது. வைத்தியர்கள் நெடுங்காலமாக இதைச் சொல்லிவந்தாலும், உறுதியான சான்று அண்மையிலேயே கிடைத்தது. பல்கேரியா தேசத்தில் 140 பெண்கள் இதற்கென ஆராயப்பட்டனர். முந்திய ஓராண்டில் மூன்று தடவையேனும் சலக்கடுப்புக் கண்டவர்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகப் பானங்கள் அருந்தும் பழக்கமுடையவர்கள். அவர்களுள் ஒரு பாதியினர் வழக்கமாக அருந்துவதோடு மேலும் ஒன்றரை லீற்றர் தண்ணீரைத் தினமும் அருந்தினர். அரை லீற்றர்ப் போத்தல் மூன்று. ஒவ்வொரு வேளை உணவோடும் ஒன்றைத் தொடங்கி, அடுத்த வேளைக்குள் முடித்துவிட வேண்டுமென்பது ஏற்பாடு. ஓராண்டு கழிந்தது. வழக்கப்படி இருந்தவர்களுக்குச் சராசரி 3.2 தடவை நோய் வந்தது. மேலதிகமாக நீர் அருந்தியவர்களுக்கு 1.7 தடவை. ஏறத்தாழ அரைவாசி. 2018ஆம் ஆண்டிலே வெளியான இவ்வாராய்ச்சியில் நோயைத் தடுப்பதற்கென்று மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்டது வெறும் தண்ணீரே.

இதைப் படித்தபோது எமக்கு மகிழ்ச்சியோடு ஒரு பெருமூச்சும் வந்தது. அந்தப் பெண்கள் அத்தனை நீரையும் அருந்தினார்கள் என்றால், அருந்தியதைக் கழிப்பதற்கும் அவர்களுக்கு இடமிருந்தது என்பது பொருளன்றோ! விசுவமடு வீதியில் எம் காதிலே விழுந்த வினா அங்கே எழவில்லை.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் கற்ற ஒரு பிள்ளையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பேரும் ஊரும் வேண்டாம், நன்றாகப் படிப்பவள். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, பள்ளி முடிந்து, தனியார் வகுப்பும் முடிந்து, மாலை ஐந்து மணிக்கே திரும்புவாள். அதுவரை ஒரு மிடறு நீர் அருந்துவதில்லை என்பதை அவள் ஒரு சாதனையாகவே கருதியிருந்தாள். பள்ளியின் மலசலகூடத்தின் கதவிலே தாழ்ப்பாள் இல்லை. வாளியிலே தண்ணீர் இருக்கும் நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. சலக்கடுப்பு வந்தது. தாயிடம் சொல்ல நாணினாள். மாதவிடாய் நோவென்று சொல்லி இரண்டு கிழமை கடத்தினாள். ஒருநாள் வகுப்பிலேயே குளிர் பிடித்து, பல்லோடு பல் அடித்துக்கொள்ள, முதுகின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டாள். வைத்தியசாலையிலே கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதென்றார்கள். ஊசி மூலம் மருந்தேற்றி ஒரு கிழமைக்கு மேல் படுக்கையில் வைத்திருந்தார்கள். பிழைத்தெழுந்தாள், இன்று தானும் ஓர் ஆசிரியை. ஆனால் அந்த இரண்டு கிழமையும் அவள் எம் கண்ணெதிரேதான் இருந்தாள். முகம் வாடியிருந்ததைக் கண்டும், பரீட்சைப் பயமென்று எண்ணி, "தைரியமாயிரு" என்று புத்தி சொன்னவர்கள் நாம். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர்களும் நாமே.

அவள் தாயிடம் சொல்ல நாணியதற்கு வேறொரு காரணமும் இருந்ததென்று பின்னர் அறிந்தோம். "என்ன நினைப்பாவோ" என்ற அச்சம். இங்கே பெற்றோர்க்குத் தெளிவாக ஒன்று சொல்லவேண்டும். சலக்கடுப்பு ஒழுக்கக்கேட்டினால் வருவதன்று. பச்சைக் குழந்தைக்கும் வரும், பாட்டிக்கும் வரும், பிரமச்சரியம் காக்கும் பெண்ணுக்கும் வரும். புதிதாய் மணமான பெண்களுக்கு இது சற்று அதிகமாகக் காணப்படுவது உண்மையே. கூடலின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவதே அதன் காரணம். கூடிய பின்னர் சலம் கழித்துவிடுவது நல்ல பழக்கம். இதை மணமகளுக்குச் சொல்லவேண்டியவர் தாய். நகையும் சீரும் கொடுத்தனுப்பும் தாய்மார் இந்த ஒரு வாக்கியத்தையும் கூடக் கொடுத்தனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. கருவைச் சுமக்கும் காலத்திலே சலக்குழாய்கள் தளர்ந்து, சலம் மெதுவாக இறங்குகிறது. எரிவு, நோவு எதுவுமின்றியே கிருமி தங்கியிருக்கவும் கூடும். கவனியாது விட்டால் சிறுநீரகம் வரை சென்று, குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கும். தாய்மார் சிகிச்சை நிலையத்திலே சலம் சோதிப்பது வீண் சடங்கன்று. இலங்கையில் 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதித் திட்டத்தின் வழிவந்த சேவையே இன்று எமது வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வரும் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை. அவரிடம் சொல்ல நாணுபவர் வேறு யாரிடந்தான் சொல்வார்?

இனி, எமது மண்ணுக்கு வருவோம். கிளிநொச்சியைத் தண்ணீரில்லா ஊரென்று எவரும் சொல்லார். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக்குளம் நூறாண்டு கண்ட குளம். 1936ஆம் ஆண்டு தொட்டுக் குடியேறிய கமக்காரர் காடு வெட்டிக் கழனியாக்கியது அதன் நீரை நம்பியே. அந்தக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு செல்லலாமா, கூடாதா என்று நாம் ஆண்டுக்கணக்காக வாதித்தோம். அதிலே ஒரு செம்பு நீர் எமது பெண்மக்களின் வயிற்றுக்குள் போகிறதா என்று ஒருநாளாவது கேட்டோமில்லை.

நீர் இருந்தும் குடிக்க உகந்த நீர் எங்கும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பூநகரிப் பக்கத்திலே கிணறுகள் சவராகி, கோடையில் பவுசர் வரும்வரை குடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. வேறு பல இடங்களிலே கல்நீர். கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சுவை பிடிக்காத நீரைப் பிள்ளைகள் அருந்தமாட்டார்கள். குடிநீர் குடம் கணக்கில் வரும் வீட்டிலே, முதலில் குடிப்பவர் குழந்தை, அடுத்தவர் வயலிலிருந்து வரும் ஆண், கடைசியாகக் குடிப்பவர் அம்மா. சோற்றில் மாத்திரமன்றித் தண்ணீரிலும் இந்த முறை நிலவுகிறது.

போர் எமக்குக் கற்பித்த பழக்கங்களும் உள. ஏ-9 வீதியருகே தலைகீழாய் வீழ்ந்து, 2009க்குப் பின்னர் பல ஆண்டுகள் அப்படியே கிடந்த அந்தப் பெரிய நீர்த்தாங்கியை வந்தவர்களெல்லாம் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்திலே விழாதது வேறொன்று. 2009ஆம் ஆண்டு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்னி மக்கள் முகாம்களில் வாழ நேர்ந்தது; செட்டிகுளத்து மனிக்பாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியில்தான் முற்றாக மூடப்பட்டது. தண்ணீருக்கும் வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை என்ற அந்நாளிலே, இருட்டு முன்னும் இருட்டுப் பின்னுமாக உடம்பை அடக்கி வைக்கப் பெண்கள் பழகினார்கள். குடியாதிருத்தலே மானத்தைக் காக்கும் வழியென்றாயிற்று. முகாம் போயிற்று, பழக்கம் போகவில்லை. அன்றைய சிறுமி இன்று தாயாகித் தன் மகளுக்கும், "வெளியில போகேக்க தண்ணி குடியாத" என்று புத்தி சொல்லி அனுப்புகிறாள்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸிலே செல்லும் பெண்கள் அன்று நண்பகலோடு நீரை நிறுத்திவிடுகிறார்கள். ஏழெட்டு மணிநேரப் பயணம். வழியிலே பஸ் ஒரு தடவை நிற்கும். ஆண்கள் வேலியோரம் போவார்கள். பெண்கள் இருக்கையிலேயே இருப்பார்கள். மறுநாள் கொழும்பிலே தலையிடி, மூன்றாம் நாள் சலக்கடுப்பு. பஸ்ஸின் குலுக்கமென்றும், கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையென்றும் நாம் காரணம் கற்பித்துக்கொள்கிறோம்.

"உடம்பு சூடு பிடித்துவிட்டது" என்று எம் அம்மம்மாமார் சொல்வார்கள். இளநீர், மோர், பார்லிக் கஞ்சி, வெந்தயம் ஊறவைத்த நீர், நெருஞ்சிக் குடிநீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தருவார்கள். சூடு என்ற விளக்கத்தை இன்றைய வைத்தியம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த மருந்துகளை அடுக்கிப் பாருங்கள்: அத்தனையிலும் முக்காற்பங்குக்கு மேல் தண்ணீர்! காரணம் எதுவாயினும் காரியம் சரியாகவே நடந்திருக்கிறது. ஆரம்ப நிலையிலே நிறைய நீர் அருந்திப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் காய்ச்சல், குளிர்நடுக்கம், முதுகுநோவு, வாந்தி, சலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், நோயாளி கர்ப்பிணியாகவோ நீரிழிவு உடையவராகவோ குழந்தையாகவோ இருந்தாலும், அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். எமது மாவட்டப் பொது வைத்தியசாலையிலே சலப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கேட்பதில்லை. முந்திய தடவை மிஞ்சிய குளிசையை விழுங்குவதும், அயலவருக்குக் கொடுத்த மருந்தைப் பாமசியிலே பேர் சொல்லி வாங்குவதும், இரண்டு நாளில் எரிவு நின்றதென்று மருந்தை நிறுத்துவதும் கிருமிக்கே துணைபோகும் செயல்கள்.

தண்ணீரைப் பற்றி இத்தனை சொன்ன நாம், தண்ணீர் செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் சர்வரோக நிவாரணி விற்பவர் வரிசையில் எம்மையும் சேர்த்துவிடுவீர்கள். வெள்ளைபடுதலை எடுத்துக்கொள்வோம். நிறமற்றோ வெண்மையாகவோ, நாற்றமும் அரிப்பும் இன்றிச் சிறிதளவு படுவது நோயன்று. மாதத்தின் நாட்களுக்கேற்ப அது கூடும், குறையும். தயிர்த்திரள் போன்று அரிப்போடு படுவதும், மீன் நாற்றத்தோடு படுவதும், பச்சை மஞ்சளாகப் படுவதும் நோய்க்குறிகள். எவ்வளவு நீர் அருந்தினாலும் அவை மாறா. வைத்தியர் பார்த்தே மருந்து தரவேண்டும். அவ்வாறே, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அவ்விடத்தில் உண்டாகும் வறட்சியும் நீர்க்குறைவால் வருவதன்று. பெண்மைச் சுரப்பு குறைவதால் வருவது. அதற்கும் மருந்துண்டு. வயதானால் இப்படித்தானென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பெண்ணின் பிறப்புறுப்பு தன்னைத் தானே காக்கும் வல்லமை உடையது. தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிகளின் இனத்தவை அங்கே வாழ்ந்து, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்துப் பகைக்கிருமிகளை அண்டவிடாமற் செய்கின்றன. டோடர்லைன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1892ஆம் ஆண்டிலேயே இவற்றை விவரித்தார். இந்தக் காவலரைச் சவர்க்காரம் போட்டும், கிருமிநாசினி ஊற்றியும் நாமே துரத்துகிறோம்! வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாற் போதும். உட்புறத்தைக் கழுவவே கூடாது. மலம் கழித்த பின் முன்னிருந்து பின்னாகக் கழுவும் வழக்கத்தைப் பெண்குழந்தைக்கு மூன்று வயதிலேயே பழக்கவேண்டும். வாசனைத் திரவங்களை இதற்கென்று போத்தலில் அடைத்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் கொடுங்கள்.

எவ்வளவு அருந்துவது? வளர்ந்த பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் பானம் பொதுவாகப் போதும். சோளகம் வீசும் ஆனி, ஆடி, ஆவணியிலே, வயலில் நிற்பவருக்கும் முகமாலையிலே கனத்த கவசம் அணிந்து கண்ணிவெடி அகற்றும் பெண்களுக்கும் இது போதாது. பாலூட்டும் தாய்க்கு இன்னும் முக்கால் லீற்றர் வரை கூடத் தேவை. கணக்குப் பார்க்க விரும்பாதவர்கள் சலத்தின் நிறத்தைப் பார்க்கட்டும்: இளம் வைக்கோல் நிறமென்றால் நன்று, வெறுந்தேநீரின் நிறமென்றால் உடனே தண்ணீர்ப்பானையை நாடவேண்டும். காலை எழுந்ததும் ஒரு குவளை, ஒவ்வொரு வேளை உணவோடும் ஒன்று, இடையிடையே ஒன்று என்பது இலகுவான முறை. மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை, அவசரப்படாமல் அமர்ந்து, முற்றாகச் சலம் கழிக்கவேண்டும். தேநீரும் நீர்க்கணக்கிலேயே சேரும். அதிலே போடும் சீனிதான் வேறு கணக்கிற் சேர்கிறது. ஒரே மூச்சில் லீற்றர்க் கணக்கில் குடிப்பதும் ஆபத்தே. இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையவர்கள் வைத்தியர் சொன்ன அளவை மீறக்கூடாது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அனுராதபுரப் பகுதியிலும் காரணம் இன்னும் முற்றாகத் துணியப்படாத சிறுநீரக நோய் பரவியிருப்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறோம்.

மாதவிடாய் நாட்களில் நீர் அருந்தினால் உதிரம் அதிகம் போகுமென்று ஒரு நம்பிக்கை உண்டு. அதிலே உண்மையில்லை. விரத நாட்களைப் பற்றியும் கேட்பீர்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாய் இருப்போர் உண்டு. அந்தத் தண்ணீரையும் விடுவோர் உண்டு. கர்ப்பிணிகளும், நீரிழிவுடையோரும், அடிக்கடி சலக்கடுப்புக் காண்போரும் நீரை விடும் விரதத்தை ஏற்காதிருப்பதே முறை. முருகன் கோபிக்கமாட்டான்.

ஆனால் இந்தப் புத்திமதிகள் யாவும், செல்ல ஓர் இடமிருந்தாலன்றி நடவாதவை. உலக சுகாதார ஸ்தாபனம் பாடசாலைகளுக்கு வகுத்த அளவின்படி 25 மாணவிகளுக்கு ஒரு மலசலகூடமும், ஆசிரியைகளுக்கென்று தனியாக ஒன்றும் இருக்கவேண்டும். எண்ணிக்கை சரியாயிருக்கும் பள்ளிகளிலேயே தாழ்ப்பாள் உண்டா, வாளியும் நீரும் உண்டா, துவாய்களைப் போட மூடியுள்ள தொட்டி உண்டா, திறப்பு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். திறப்பு காரியாலயத்தில், ஓர் ஆண் எழுதுநரின் மேசை லாச்சியில் இருந்தால் அந்த மலசலகூடம் கட்டப்படாததற்குச் சமானம். பழைய மாணவர் சங்கங்கள் வளைவும் மணிக்கூட்டுக் கோபுரமும் கட்டித் தருகின்றன. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு தாழ்ப்பாளின் விலை தெரிந்திருக்க நியாயமில்லை. நாம்தான் எழுதித் தெரிவிக்கவேண்டும். கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் இதையே சொல்வோம். தேர்முட்டி கட்டிய பின்னர் பார்ப்போமென்று தள்ளிவைக்கப்பட்ட பெண்கள் மலசலகூடங்கள் எத்தனை!

இவ்வாண்டு பொங்கலுக்கு முன்னரே, அந்த விசுவமடுப் பந்தல்காரரைத் தேடிச் சென்று, மாணவிகள் சொன்னதைச் சொன்னோம். முதலில் அவர் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தார். அருகிலிருந்த அவர் மனைவியார், "நான் போன வரியமே சொன்னனான், கேட்டியளே?" என்றார். பொங்கலன்று போய்ப் பார்த்தோம். பந்தலுக்குப் பின்னாலிருந்த வீட்டு வளவுக்குள்ளே கிடுகு வேலியால் ஒரு வழி ஒதுக்கி, வீட்டு மலசலகூடத்தைப் பெண்களுக்கென்று திறந்துவிட்டிருந்தார்கள். வாசலிலே ஒரு பீப்பா நிறையத் தண்ணீர், ஒரு வாளி, சவர்க்காரம். ஒரு மட்டையில் "பெண்கள்" என்று சுண்ணாம்பால் எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தது.

முதிய அம்மையார் பேணியை நீட்டினார். எம்மோடு வந்த பிள்ளைகள் அந்த மட்டையை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு இரண்டு பேணி மோர் குடித்தார்கள். நாம் மூன்று.